ஸ்டெப்னிக் கருப்பு

உலகத்திலேயே ஆழமான கருப்பைத் தன் வீட்டு அறையில் அச்சடித்துக் காட்டுவது என்று தராசு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது முடிவு செய்தார். வாய் நிறைய நுரை இருந்ததால் முடிவை உடனே அறிவிக்க முடியவில்லை. கொப்பளித்துவிட்டு வந்து அறிவித்தார்.

"மாமா படத்தை நானே பிரிண்ட் போட்டுத் தரப்போறேன். ஸ்டூடியோ பக்கம் யாரும் போக வேண்டாம்."

"முதல்ல மூஞ்சியைத் துடைங்க," என்றாள் மனைவி.

தராசு என்பது அவர் பெயரல்ல. அவர் எடை அளவு இன்ஸ்பெக்டர். கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கல்லையும் சோதித்து முத்திரை குத்துவது உத்தியோகம். தெரு வைத்த பெயர் அது. அவருக்கு அதில் வருத்தம் இல்லை, உள்ளூரப் பெருமைதான். அளக்க முடியாத எதையும் அவர் நம்ப மாட்டார். மனைவி தலை வலிக்கிறது என்றால், "எவ்வளவு வலிக்குது?" என்று கேட்கிற ஆள்.

மனைவி தையல்காரி. வக்கீல்களுக்குக் கருப்புக் கோட்டும் கவுனும் தைப்பவள். அவளுடைய அப்பா ஓய்வு பெற்ற வக்கீல். ஓய்வு கோர்ட்டுக்குத்தான், வாய்க்கு இல்லை. அவர் படத்தை வக்கீல் சங்க நூலகத்தில் மாட்டப் போகிறார்கள். மகள் தைத்த கவுனைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தராசு படம் எடுத்தார். படம், சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே வந்திருந்தது. திரையில் பார்க்கும்போது மாமனார் இன்னும் இரண்டு கேஸ் ஜெயிப்பார் போல இருந்தது.

தொல்லை தாளில் ஆரம்பித்தது.

மூன்று மாதத்துக்கு முன்பு தராசு ஒரு பெரிய இங்க்ஜெட் பிரிண்டர் வாங்கினார். அது வந்து உட்கார இடம் வேண்டுமே. வீட்டில் நல்ல வெளிச்சம் வருகிற அறை ஒன்றுதான். அதில் மனைவியின் தையல் மெஷின் இருந்தது. 'தற்காலிகமாக' என்ற ஒரு சொல்லால் தையல் மெஷின் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே இருந்த வழிக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து யார் குளிக்கப் போனாலும் அவள் முழங்காலை மடக்கி வழி விட வேண்டும். மூன்று மாதமாக மடக்கிக்கொண்டிருந்தாள்.

மாமனார் படத்துக்கென்று தராசு ஒசத்தியான தாள் வாங்கி வந்தார். ஃபைபர் பேஸ் க்ளாஸி. பஞ்சுக்கூழில் செய்து மேலே பளபளப்பு ஏற்றிய கெட்டித் தாள். ஒரு பெட்டியில் இருபத்தைந்து. மெஷினின் பின்பக்கம் நின்று, ஒவ்வொன்றாகத்தான் கொடுக்க வேண்டும். பெட்டிக்குள் ஒரு குறிப்புச் சீட்டும் இருந்தது. தராசு அதை எடுத்துத் தரையில் போட்டார்.

"இதெல்லாம் தெரியாதவங்களுக்கு."

மனைவி அதைக் குனிந்து எடுத்தாள். கெட்டியான காகிதம். காலர் அளவு வெட்டி வைத்துக்கொள்ள உதவும் என்று கொண்டு போனாள்.

முதல் படம் வெளியே வந்தது. தராசு அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வழிக்கு வந்தார்.

"எப்படி இருக்கு?"

அவள் தையலை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"அப்பா எப்பங்க சிமென்ட் கம்பெனியில சேந்தாரு?"

"என்ன?"

"கவுனெல்லாம் ஒரே சிமென்ட்டா இருக்கே."

"அது டோன். உனக்குப் புரியாது."

"டோனோ டின்னோ. நான் தைச்சது கருப்பு கவுனு. துணிக்கடையில மூணு மணி நேரம் நின்னு, பதினாறு கருப்பைத் தள்ளிட்டு, பதினேழாவதா எடுத்த கருப்பு. அது எங்க?"

தராசு பையிலிருந்து ஒரு கருவியை எடுத்தார். படத்தில் எந்த இடத்தில் வைத்து அழுத்தினாலும் அந்த இடம் எவ்வளவு கருப்பு என்று எண்ணில் சொல்லும். மாமனாரின் தோளில் வைத்து அழுத்தினார்.

"ஒண்ணு புள்ளி அஞ்சு."

"அப்படின்னா?"

"ரெண்டு புள்ளி மூணைத் தாண்டினாத்தான் நல்ல கருப்பு."

"அதைத்தானே நான் கண்ணால பாத்து சொன்னேன்?"

"கண்ணு ஏமாத்தும். கருவி ஏமாத்தாது."

"சரி, உங்க மூக்குல என்ன அது?"

தராசு மூக்கைத் தொட்டார். பிறகு விரலைப் பார்த்தார். மாமனாரின் கவுன் பெருவிரலில் ஒட்டி, அங்கிருந்து மூக்குக்கு ஏறியிருந்தது.

"சாயம் போகுது," என்றாள் அவள். "துணிக்கு ஒத்துக்காத சாயத்தைப் போட்டாத்தான் இப்படி வரும். மெஷின்ல ரெண்டு கருப்பு டப்பா இருக்கே. எதுக்குங்க ரெண்டு?"

தராசு சிரித்தார். விவரம் தெரிந்தவன் தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

"ஒண்ணு ஓடுறது. இன்னொண்ணு ஸ்டெப்னி. கார்ல வச்சிருக்காங்க இல்ல?"

"அப்ப மஞ்சளுக்கு ஏன் ஸ்டெப்னி இல்ல?"

"மஞ்சள் பஞ்சர் ஆகாது."

அவள் மறுபடி தைக்க ஆரம்பித்தாள். மெஷின் சத்தத்தில் அவள் சிரித்தாளா இல்லையா என்பது தெரியவில்லை.

கம்ப்யூட்டரில் என்ன தாள் என்று கேட்ட இடத்தில் தராசு 'கெட்டி ஓவியத்தாள்' என்று கொடுத்திருந்தார். தாள் கெட்டி, அதில் பஞ்சு இருக்கிறது, ஆகவே ஓவியத்தாள். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? மெஷினும் சொன்ன பேச்சைக் கேட்டு, ஓவியத்தாளுக்கு உண்டான கருப்பையே கொட்டியது.

புதன்கிழமை சாயங்காலம் மாமனார் வந்தார். எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது அவர் வழக்கம். முன்பக்கத்தில் சொல்ல நினைத்ததைச் சொல்வார்கள், பின்பக்கத்தில்தான் மறந்துவிட்டது இருக்கும் என்பது அவர் கட்சி. கரண்ட் பில்லைக்கூட அப்படித்தான் பார்ப்பார்.

"மாப்பிள்ளை, திங்கட்கிழமை படம் சங்கத்துல இருக்கணும். பேசாம ஸ்டூடியோவிலேயே குடுத்துடலாம்ங்கறாங்க."

"ஸ்டூடியோக்காரரு என்ன மாமா, பட்டன் அமுக்குற ஆளு. கருப்புன்னா என்னன்னு அவருக்குத் தெரியுமா? ஞாயித்துக்கிழமை மத்தியானம் வாங்க. இந்த வீட்ல, என் மெஷின்ல, என் கையால போட்டுக் காட்டறேன்."

வழியிலிருந்து குரல் வந்தது.

"காட்டலைன்னா?"

"காட்டுவேன்."

"காட்டலைன்னா அந்த ரூம் எனக்கு."

"காட்டிட்டா அந்த ரூம் பேச்சை நீ ஜென்மத்துக்கும் எடுக்கக் கூடாது."

மாமனாரின் முகம் மலர்ந்தது. ஓய்வு பெற்றபின் அவருக்கு இப்படி ஒரு நல்ல விவகாரம் வாய்க்கவே இல்லை. ஒரு தாளைக் கேட்டு வாங்கி, பின்பக்கம் பார்த்து, முன்பக்கம் எழுதினார்.

"ஒண்ணு, படம் இந்த வீட்டு மெஷின்ல வந்ததா இருக்கணும். ரெண்டு, மாப்பிள்ளை தன் கையால போட்டதா இருக்கணும். மூணு, தோத்தவங்க அந்த அறையை விட்டு வெளியேறணும். ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க."

தராசு முதலில் போட்டார். படித்துப் பார்க்காமல் போட்டார்.

அன்று ராத்திரியிலிருந்து வெள்ளிக்கிழமை காலை வரைக்கும் வீட்டில் நடந்தது யுத்தம். ஆபீசுக்குப் போகும் முன் இரண்டு, வந்த பின் மூன்று என்று படங்கள் வந்து விழுந்தன. ஒன்று புள்ளி ஐந்து. ஒன்று புள்ளி ஐந்து. இங்க்கைக் கூடுதலாக விடச் சொன்னார். படத்தில் மாமனார் மடியில் குட்டை கட்டி நின்றது. மனைவியின் தலை காய வைக்கிற மெஷினைத் தூக்கி வந்து ஊதினார். மாமனார் ஓரமாகச் சுருண்டுகொண்டார். ஒரே தாளை இரண்டு முறை உள்ளே விட்டால் கருப்பு இரட்டிப்பாகும் என்று கணக்குப் போட்டு விட்டார். கருப்பு இரட்டிப்பாகவில்லை, மூக்குதான் இரண்டாக வந்தது.

இதற்கு நடுவே இன்னொரு மர்மம். தினமும் காலையில் எந்த டப்பாவில் எவ்வளவு இங்க் என்று பார்த்துக் குறித்து வைப்பது அவர் பழக்கம். தொடவே தொடாத ஸ்டெப்னிக் கருப்பு குறைந்துகொண்டே வந்தது.

"ஏம்மா, பகல்ல இந்த ரூம் ஜன்னலைத் திறக்கறியா?"

"வெளிச்சத்துக்குத் திறப்பேன். ஏன்?"

"வெளிச்சத்துக்கா? இந்த ரூம்ல உனக்கென்ன வேலை?"

"பெருக்கணும்ல?"

"அதான் பாத்தேன். ஸ்டெப்னி ஆவியாப் போகுது. காத்துல கருப்பு கலந்து வெளியில போயிட்டிருக்கு."

"அடக் கடவுளே. அதான் எதிர்வீட்டுச் சுவரு கருத்துப்போச்சா?"

தராசு அவளைச் சந்தேகமாகப் பார்த்தார். அவள் முகத்தில் கவலையைத் தவிர எதுவும் இல்லை. அகலமான டேப் வாங்கி வந்து, ஜன்னலின் நாலு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டினார்.

வெள்ளிக்கிழமை காலையில் பதினோராவது படமும் ஒன்று புள்ளி ஐந்து காட்டியபோது தராசுக்குள் ஏதோ உடைந்தது. எத்தனையோ கடைக்காரர்களின் கள்ள எடையைப் பிடித்தவர் அவர். கையும் களவுமாக நின்ற அவர்கள் முகம் ஒவ்வொன்றும் ஞாபகத்துக்கு வந்தது. அவர்களில் சாமர்த்தியசாலிகள் எல்லாம் என்ன செய்தார்கள் என்று யோசித்தார். பக்கத்துக் கடையிலிருந்து நல்ல படிக்கல்லைக் கடன் வாங்கிக் காட்டினார்கள். ஆபீசுக்குப் போகிற வழியில் பென் டிரைவோடு ஸ்டூடியோவில் ஏறினார்.

ஸ்டூடியோக்காரர் படத்தைப் பார்த்தார். தராசைப் பார்த்தார்.

"உங்க மாமனாராச்சே இது."

"மெதுவா பேசுங்க. ஃபைபர் பேஸ் க்ளாஸியில வேணும். கருப்பு கருப்பா இருக்கணும். நாளைக்கு வேணும்."

"என் மெஷின் படுத்து ரெண்டு மாசம் ஆச்சு சார். இப்பெல்லாம் வெளியிலதான் குடுத்து எடுக்கறேன்."

"யாரு? நல்லா போடுவாரா?"

"ஒருத்தங்க இருக்காங்க. கருப்புன்னா அந்தக் கைதான். இந்தப் பக்கத்துல அவங்களை அடிச்சுக்க ஆள் கிடையாது."

தராசு மனக்கண்ணில் ஒரு மேதையைப் பார்த்தார். நரைத்த தாடி, தடித்த கண்ணாடி, வெளிநாட்டு விளக்குகள். ஒருநாள் அவரைச் சந்தித்துச் சமமாக உட்கார்ந்து பேச வேண்டும் என்று தோன்றியது.

"ஒரே ஒரு விஷயம். இது என் வீட்டுக்காரிக்குத் தெரியக் கூடாது."

ஸ்டூடியோக்காரர் என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

"என் வாயால ஒரு வார்த்தை வராது சார். சத்தியம்."

சத்தியத்தை அவர் காப்பாற்றினார். அரை மணி நேரத்தில் போக வேண்டிய இடத்துக்குப் போய், வாயே திறக்காமல் பென் டிரைவை நீட்டினார்.

சனிக்கிழமை காலையில் தராசு தாள்களை எண்ணினார். இருபத்தைந்தில் பதினொன்று போனால் பதினாலு இருக்க வேண்டும். பதின்மூன்றுதான் இருந்தது. மூன்று முறை எண்ணினார். மூன்று முறையும் பதின்மூன்று. இன்ஸ்பெக்டர் ரத்தம் கொதித்தது. தாள் கம்பெனி பெட்டிக்கு ஒரு தாள் குறைத்து வைத்து ஊரை ஏமாற்றுகிறது என்று இரண்டு பக்கத்துக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதி, சட்டப் பிரிவுகளையும் சேர்த்தார். ஸ்டூடியோவுக்குப் போகும் வழியில் தபால்பெட்டியில் போட்டார்.

ஸ்டூடியோவில் பெரிய கவர் தயாராக இருந்தது. தராசு ஓரமாகப் போய்ப் பிரித்தார்.

கருப்பு!

அப்படி ஒரு கருப்பை அவர் பார்த்ததே இல்லை. கவுனின் மடிப்புக்குள் மடிப்பாக இருட்டு இறங்கிப் போனது. அந்த இருட்டுக்குள்ளும் தையல் வரி தெரிந்தது. அதன் மேலே மாமனாரின் முகம் உயிரோடு பளிச்சென்று நின்றது. விரலால் தேய்த்தார். ஒட்டவில்லை. கருவியை வைத்து அழுத்தினார். இரண்டு புள்ளி நாலு. தராசுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்தவன் வேலையைப் பார்த்து மனசார வியந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அந்த வியப்பு தெருமுனை வரைக்கும் இருந்தது. வீட்டு வாசலுக்கு வந்தபோது படம் அவர் போட்டதாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமனார் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவி கையில் ஊசியும் நூலுமாகக் கதவோரம் நின்றாள். தராசு படத்தை மேஜை மேல் சாய்த்து வைத்து, மூடியிருந்த துண்டை விலக்கினார்.

மாமனார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நான்தானா மாப்பிள்ளை இது?"

"நீங்கதான் மாமா. ரெண்டு புள்ளி நாலு."

"எப்படிப் பண்ணீங்க?"

இந்தக் கேள்விக்காகத்தான் தராசு நேற்றிலிருந்து தயாராக இருந்தார்.

"பொறுமை மாமா. கருப்பு அவசரப்பட்டா வராது. நேத்து காலையில, இவ கடைக்குப் போயிருந்தா. ரூம் கதவைச் சாத்திட்டேன். தாளை முதல்ல உள்ளங்கையில வச்சு லேசா சூடு காட்டினேன். அப்புறம் மெஷினை ஒரு சொட்டு, ஒரு மூச்சுன்னு விட்டு விட்டு ஓட்டினேன். இதெல்லாம் புத்தகத்துல இருக்காது. கையில வரணும்."

"அப்பப்பா," என்றாள் மனைவி. "எந்தக் கருப்பு போட்டீங்க? ஸ்டெப்னியா?"

"ஸ்டெப்னியா? அதைத் தொடவே இல்லையே! எல்லாம் ஓடுற கருப்புதான்."

"சத்தியமா?"

"உங்கப்பா முன்னாடி சொல்றேன். ஸ்டெப்னியில ஒரு சொட்டு எடுக்கல."

"சரிங்க."

மாமனார் படத்தைக் கையில் எடுத்தார். பழக்க தோஷம். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

"மாப்பிள்ளை, இது என்ன பெருக்கல் குறி?"

"எங்க மாமா?"

மூலையில், ரோஸ் நிறத்தில், சின்னதாக ஒரு பெருக்கல் குறி.

"அது... கம்பெனி குறியா இருக்கும். தாள் கம்பெனி."

மாமனார் பெருவிரலால் தேய்த்தார். சாக்பீஸ் தூள் வந்தது. விரலை மோந்து பார்த்தார். முப்பது வருஷம் கோர்ட்டில் நின்ற மனிதர், அவசரப்படவில்லை. தான் போட்டிருந்த, மகள் தைத்த கோட்டின் உட்பக்கத்தை மெல்ல விரித்தார். லைனிங் ஓரத்தில், துவைத்தும் முழுக்கப் போகாத அதே பெருக்கல் குறி.

வழியில் தையல் மெஷின் மேல் வெட்டி வைத்திருந்த துணிகளைத் தராசு பார்த்தார். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் பெருக்கல் குறி. துணியில் எது உள்பக்கம் என்று தெரிவதற்காக அவள் கை, நினைக்காமலே போடுகிற குறி. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் பார்த்துக்கொண்டிருக்கிற குறி.

"பழக்கம்ங்க," என்றாள் அவள். "உள்பக்கம்னு ஒண்ணு இருந்தா கை தன்னால போட்டுடும்."

தராசு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"அந்த மேதை... நீயா?"

"மேதையா? அப்படியா சொன்னாரு ஸ்டூடியோக்காரரு? மெஷின் படுத்ததும் உங்ககிட்ட உதவி கேக்கத்தான் வந்தாரு. நீங்க ஆபீஸ்ல இருந்தீங்க. நானே போட்டுக் குடுத்தேன். அன்னையிலேருந்து அவர் படமெல்லாம் இங்கதான்."

"ஆனா மெஷின்ல நான் வச்ச செட்டிங் அப்படியே இருந்துச்சே!"

"வேலை முடிஞ்சதும் நீங்க வச்ச மாதிரியே திருப்பி வச்சுடுவேன். உங்க பொருளைக் கலைப்பேனா?"

அவள் காலர் வடிவத்தில் வெட்டிய ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். பழைய குறிப்புச் சீட்டு. காலர் வளைவுக்குள் நாலாவது வரி முழுசாகத் தப்பித்திருந்தது. பளபளப்புத் தாளுக்குப் போட்டோ கருப்பு. ஓவியத்தாளுக்கான மேட் கருப்பு ஒட்டாது, தேய்த்தால் வந்துவிடும். கம்ப்யூட்டரில் க்ளாஸி என்று கொடுத்தால் மெஷின் தானே கருப்பை மாற்றிக்கொள்ளும்.

"ஸ்டெப்னின்னு சொன்னீங்களே, அதுதாங்க இந்தத் தாளுக்கு உண்டான கருப்பு. அன்னைக்கே கேட்டேன், எதுக்கு ரெண்டுன்னு."

"தெரிஞ்சும் ஏன் போட்டுக் குடுத்தே? விட்டிருந்தா நானே தோத்திருப்பேனே!"

அவள் படத்தைப் பார்த்தாள். குரல் கொஞ்சம் மாறியது.

"எங்கப்பா மேல நான் தைச்ச கவுனுங்க அது. சங்கத்துச் சுவத்துல சாம்பலாத் தொங்க விடுவேனா? நீங்க தோக்கறதுக்காக அவரை நரைக்க விட எனக்கு மனசு வரல." பிறகு பழைய குரலிலேயே கேட்டாள். "ஆமா, ஒரு தாள் குறையுதுன்னு கம்பெனிக்கு லெட்டர் எழுதினீங்களே. தபால்ல போட்டாச்சா?"

தராசு தரையைப் பார்த்தார். கள்ளத் தராசோடு பிடிபட்ட கடைக்காரர்கள் ஏன் அப்படித் தரையைப் பார்க்கிறார்கள் என்பது அவருக்கு இப்போது புரிந்தது.

"சரி. தோத்துட்டேன். வார்த்தைன்னா வார்த்தை. சாயங்காலம் பிரிண்டரைத் தூக்கி ஹால்ல வச்சுக்கறேன்."

மாமனார் பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்தார். பின்பக்கம் பார்த்தார். முன்பக்கம் படித்தார்.

"மூணாவது ஷரத்து. தோத்தவங்க வெளியேறணும்னுதான் இருக்கு மாப்பிள்ளை. மெஷினைப் பத்திப் பேச்சே இல்ல."

"மாமா!"

"முதல் ஷரத்துப்படி படம் இந்த வீட்டு மெஷின்லதான் வந்திருக்கு. மெஷின் பேர்ல குத்தம் எதுவும் இல்லையே."

"மெஷின் எங்க தோத்துச்சு?" என்றாள் மனைவி, அறைக் கதவை அகலத் திறந்து வைத்தபடி. "அது இங்கேயே இருக்கட்டும். நீங்க மட்டும் வெளியேறுங்க. போறதுக்கு முன்னாடி அந்த ஜன்னல் டேப்பைப் பிச்சுட்டுப் போங்க, எனக்கு வெளிச்சம் வேணும்."